மருந்து தோற்பது ஏன்? – ‘பிம்’ ஆராய்ச்சி பற்றிய திறனாய்வு

புற்றுநோய்க்கு ஒரே மருந்தை உண்ணும் இருவருள் ஒருவர் தேறுவதும் மற்றவர் தேறாமற் போவதும் ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடிய கட்டுரை ஒன்று 2012ஆம் ஆண்டில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. சிங்கப்பூர் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரியின் ஓங் சின் தியோங் முதலிய அறிஞர் பலர் கூடி ஆராய்ந்து எழுதியது அது.

மரபணுவின் செய்தி படியெடுக்கப்பட்ட பின், வேண்டாத பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, வேண்டிய துண்டுகள் தொடுக்கப்பெறுகின்றன. சிராங்கூன் சாலைப் பூக்கடையில் ஒரே கூடைப் பூவைக் கொண்டு வெவ்வேறு மாலை தொடுப்பதுபோல, ஒரே மரபணுவிலிருந்து வெவ்வேறு புரதங்கள் பிறக்கின்றன. ‘பிம்’ என்னும் மரபணுவில் மூன்றாம் துண்டோ நான்காம் துண்டோ சேரும். இரண்டும் ஒருங்கே சேரா. உயிரணுவை மாய்க்கும் ஆற்றல் நான்காம் துண்டிலேயே உள்ளது.

கிழக்காசிய மக்களுள் நூற்றுக்குச் சுமார் 12 பேரிடம் இம்மரபணுவின் 2,903 எழுத்துகள் பிறவியிலேயே இல்லை. அவை வெட்டி எறியப்படும் பகுதியைச் சேர்ந்தவையே. எனினும் அவை இல்லாதபோது தொடுப்பு மூன்றாம் துண்டின் பக்கம் சாய்கிறது. மருந்து பட்டும் புற்றணு மடிவதில்லை. நுரையீரல் புற்றுநோயாளருள் ஒரு வகையினரிடம், இக்குறை இல்லாதார்க்கு நோய் முற்றாமல் நின்ற காலம் 11.9 மாதம், உள்ளார்க்கு 6.6 மாதம் மட்டுமே.

எறியப்படும் பகுதிக்கும் பொருளுண்டு என்று நோயாளியின் படுக்கை வரை சென்று காட்டியதே இக்கட்டுரையின் சிறப்பு. குறையுள்ள புற்றணுக்களில், ‘பிம்’ செய்ய வேண்டிய வேலையை வேறொரு மருந்தைக் கொண்டு செய்விக்கலாம் என ஆய்வுக்கூடத்தில் காட்டியதும் பாராட்டத்தக்கது.

ஆயினும் இம்முடிவை அப்படியே ஏற்பதற்கில்லை. பின்னர் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இதனுடன் ஒத்துப்போகவில்லை. நுரையீரல் புற்றுநோயில் சில இக்குறையால் வேறுபாடு காணவில்லை. மருந்து தோற்பதற்கு, புற்றணுவிலேயே புதிதாகத் தோன்றும் மாற்றங்கள் போன்ற வேறு காரணங்களும் உள.

மற்றொன்றும் கருதத்தக்கது. ‘கிழக்காசியர் குறை’ என்ற பெயர் எளிதில் பரவும். ஆனால் நூற்றுக்கு 12 பேரிடம் இருப்பது, எஞ்சிய 88 பேரிடம் இல்லை. சீனர், மலாய்க்காரர், இந்தியர் கலந்து வாழும் இந்நகரில் இனத்தின் பெயரைக் கேட்டு மருந்தை முடிவு செய்வது மருத்துவமாகாது. பிறவிக் குறையாதலின் குருதியிலேயே இதனைச் சோதித்தறியலாம். இனத்தை அன்று, ஆளைச் சோதிப்பதே முறை.