டேங்கில் ஊற்றிய மக்காச்சோளம்

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ‘பிக்கப்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பின்னால் தொட்டி வைத்த லோடு வண்டி ஒன்று. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி எழும்புகிற வேகம் இன்னொன்று. சங்கரன்கோவில் பூச்சந்தையில் மூட்டைகளை இறக்கிவிட்டு டீக்கடையில் நின்ற ஒரு டிரைவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்: “பிக்கப்புல பிக்கப்பே இல்ல அண்ணாச்சி. பெட்ரோல்ல ஸ்பிரிட்டக் கலந்துட்டான். மைலேஜ் மூணு கிலோமீட்டர் போச்சு.”

அவர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

முதலில் பெரும்பான்மையை ஒதுக்கிவிடலாம். இந்தச் சாலையில் ஓடும் பொலேரோ பிக்கப், தோஸ்த், பழைய குட்டியானை எல்லாம் டீசல் வண்டிகள். டிரைவர் சொன்ன ஸ்பிரிட், அதாவது எத்தனால், கலப்பது பெட்ரோலில் மட்டும். டீசலோடு அது ஒத்துப்போகவில்லை. அதற்குப் பதில் ஐசோபியூட்டனாலைச் சோதிப்பதாக 2025 செப்டம்பரில் அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். ஆக, நம் பேச்சு டாடா ஏஸின் பெட்ரோல் மாடல், மாருதி சூப்பர் கேரி போன்ற சின்ன வண்டிகளைப் பற்றியது. ஓட்டுகிறவரே முதலாளியாக, அன்றாட வரும்படியை நம்பி ஓடுகிற வண்டிகள் அவை. லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

2014-ல் நம் பெட்ரோலில் இருந்த எத்தனால் ஒன்றரை சதவீதம். 2022 ஜூனில் பத்தைத் தொட்டது. இருபது சதவீதத்துக்கு முதலில் வைத்திருந்த கெடு 2030. அதை 2025-26க்கு முன்னே இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் பிரதமர் தொடங்கிவைத்த இருபது சதவீதக் கலவை, 2025-ல் நாடு முழுக்க வந்தேவிட்டது. பங்கில் குழாய் அதேதான், ஆளும் அதே ஆள்தான். உள்ளே வருகிற சரக்கு மட்டும் வேறு.

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறக்குறைய 32 மெகாஜூல் வெப்பம் வரும், எத்தனாலில் 21தான். அந்தக் கணக்குப்படி பத்து சதவீதக் கலவையிலிருந்து இருபதுக்கு மாறும்போது லிட்டருக்குள் இருக்கும் சக்தி மூன்றரை சதவீதம் குறைகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, பத்து சதவீதத்துக்கு டியூன் செய்த நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் குழுவே 2021-ல் எழுதியிருக்கிறது. பத்துக்கென்றே வடிவமைத்து இருபதுக்கு டியூன் செய்தவற்றில் ஒன்று, இரண்டு சதவீதம்.

டிரைவரின் வண்டிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 90 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்று வைத்தால் ஆறு லிட்டர். மூன்றரை சதவீதம் குறைந்தால் கூடுதலாக ஊற்றுவது கால் லிட்டருக்கும் குறைவு; பெட்ரோல் நூறு ரூபாய்க்குச் சற்று மேலே என்றால் தினம் 22 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. வருஷத்துக்கு 300 நாள் ஓடினால் ஆறாயிரத்து அறுநூறு. சின்னத் தொகை இல்லை. ஆனால் அவர் சொன்ன மூன்று கிலோமீட்டர் என்பது பதினைந்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவையும் எத்தனால் தலையில் கட்ட முடியாது. டயரில் காற்று, அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த கிளட்ச், எடைக்கு மேல் ஏற்றிய மூட்டை இவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. எத்தனால் வந்ததிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் இந்த நான்கையும் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

லோடு வண்டிக்கு எத்தனாலில் ஒரு நன்மையும் உண்டு. எத்தனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட மிக அதிகம். கலவையின் எண் 91-லிருந்து 95-ஐ ஒட்டி உயர்ந்திருப்பதாகப் பெட்ரோலிய அமைச்சகம் சொல்கிறது. பாரம் ஏற்றிக்கொண்டு கீழ் கியரில் மேடு ஏறும்போது இன்ஜின் தட்டுவது குறையும். ஆனால் அந்த ஆக்டேனைச் சக்தியாக மாற்ற இன்ஜினின் அழுத்த விகிதத்தையும் தீப்பொறி நேரத்தையும் அதற்கென்றே அமைத்திருக்க வேண்டும். பழைய இன்ஜினுக்கு அது செருப்புக் கடையில் கிடைத்த பெரிய சைஸ் மாதிரி. நல்ல சரக்குத்தான், காலுக்கு ஆகாது.

அடுத்தது தண்ணீர். எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது முதலில் அதைத்தான். ஐப்பசி மழையில் பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் இறங்கினால் கதை அன்றே முடிந்தது. ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. பின்னால் மூன்று வண்டி ஹாரன் அடிக்கும்போது கேட்பவர் யார்? ரப்பர் குழாய், கேஸ்கெட் விஷயத்தில், பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சிலதை மாற்ற வேண்டிவரலாம் என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டி என்றால் அந்தக் கவலை குறைவு.

இதில் பலரும் கவனிக்காதது, தினமும் டேங்கைக் காலி செய்து தினமும் நிரப்புகிற லோடு வண்டிக்கு இந்த ஈரம் பெரிய எதிரியே இல்லை என்பது. ஈரம் சேர்வதற்குள் எரிந்துவிடுகிறது. ஆகவே வண்டி கெட்டுவிடும் என்ற பயத்தை நான் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்கிறேன். தள்ள முடியாதது அந்த 22 ரூபாய்.

பிரேசிலில் 2003 முதல் எந்தக் கலவையிலும் ஓடுகிற வண்டிகள் விற்கிறார்கள். பங்கில் பெட்ரோல் கலவைக்கு ஒரு விலை, எத்தனாலுக்கு ஒரு விலை. எத்தனால் விலை பெட்ரோலில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லாவிட்டால் பெட்ரோல் என்று டிரைவர் மனக்கணக்குப் போட்டுக்கொள்வார். அங்கும் பெட்ரோலில் கட்டாயக் கலப்பு உண்டு, 2025 ஆகஸ்டில் 30 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் கணக்குப் போட அவருக்கு இரண்டு எண்களாவது பலகையில் இருக்கின்றன. நமக்கு ஒன்றே ஒன்று. சக்தி குறைவதற்கு ஈடாக விலையைக் குறைக்க வேண்டும் என்று 2021 அறிக்கை சொன்னது. அப்போது எத்தனால் மலிவு. சராசரிக் கொள்முதல் விலை லிட்டர் 71 ரூபாய் 32 காசு ஆகிவிட்டது, சுத்திகரித்த பெட்ரோலைவிட அதிகம் என்று 2025 ஆகஸ்டில் அமைச்சகத்திடமிருந்து பதில் வந்தது. பதில் உண்மையாகவே இருக்கட்டும். கச்சா எண்ணெய் இறக்குமதியில் 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்று அதே பதில் பெருமைப்படுகிறதே, அந்த மிச்சத்துக்குத் தினம் 22 ரூபாய் மொய் எழுதுகிறவருக்குப் பந்தியில் இலை போட வேண்டாமா? கலவையை எதிர்த்த பொதுநல வழக்கு எத்தனால் இல்லாத பெட்ரோலையும் ஒரு தேர்வாகக் கேட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

பணம் விவசாயிக்குத்தானே போகிறது என்பார்கள். மேலநீலிதநல்லூரில் இருந்துகொண்டு இதை எளிதில் மறுக்க முடியாது. இது கரிசல், புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிற மண். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் கணக்கிட்டது. மலையடிவாரத்து வாசுதேவநல்லூர்ப் பக்கம் கரும்பு சரி, இங்கே கட்டாது. மானாவாரிச் சோளத்துக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர் எத்தனால் என்றால், நம் டிரைவர் ஊற்றும் ஆறு லிட்டருக்குள் மூன்று கிலோ சோளம் இருக்கிறது. வருஷத்துக்குப் பத்துக் குவிண்டாலை ஒட்டி வரும்; மழை வஞ்சிக்காத வருஷத்தில் ஏறத்தாழ அரை ஏக்கர் விளைச்சல். 2025-26க்கு ஆதரவு விலை குவிண்டால் 2,400 ரூபாய். கையில் வருவதை ஈரப்பதமும் அன்றைய வரத்தும் முடிவு செய்யும். இன்னொரு பக்கம் நாமக்கல் கோழிக்கும் இதே சோளம்தான் தீனி. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் வாங்கியது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய் சோளத்தை இறக்குமதி செய்கிறோம் என்று டீக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஈரம் சேர நேரம் கிடைக்கிற இன்னொரு இடத்துக்கும் பெட்ரோல் போகிறது. 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்தடிக்கும் மிஷின் இல்லாமல் இங்கே மக்காச்சோளம் இல்லை. விதைத்து ஆறு வாரம் வரைதான் அதற்கு வேலை. பிறகு அடுத்த ஐப்பசி வரை சுவரில் தொங்கும். ஒரு மெக்கானிக் அப்படி ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றி என் கையில் தந்தார். ஜெட்டில் மாவு மாதிரி வெள்ளை படிந்திருந்தது. டயாபிராம் அப்பளமாக விறைத்திருந்தது.

“போன வருஷம் அடிச்சு முடிச்சதும் பெட்ரோலக் கவுத்தியளா?” என்று மிஷினின் சொந்தக்காரரைக் கேட்டார்.

“அரை லிட்டர் கெடந்துச்சு. காசு போட்டு வாங்குனத எதுக்குக் கொட்டணும்னு விட்டுட்டேன்.”

அவருக்குப் பழுதின் காரணம் கேட்கப் பொறுமை இல்லை. புழு குருத்துக்குள் இறங்கிவிட்டது, சாயங்காலத்துக்குள் மிஷின் வேணும் என்று வாசலிலேயே நின்றார்.