முந்நீரும் வொட்காவும்: புறநானூற்றுப் பாடலொன்று பற்றிய சில எண்ணங்கள்

வொட்காவை அடியாகக் கொண்டு, உள்ளூர்ச் சாறுகளைச் சேர்த்துப் பிரதேச மணம் கமழும் புதிய கலப்பு மதுவை ஆக்குதல் இன்று பல நாடுகளிலும் ஒரு கலையாகவே மதிக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்துப் பனை அத்தகைய முயற்சிக்கு எவ்வளவு இடந்தரும் என்று வினவுவோர், உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றின் 24ஆம் பாடலை ஒருமுறை நோக்குதல் தகும். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடியது அது.

எவ்வியின் மிழலைக் கடற்கரையை அப்பாடல் காட்டுகின்றது. நெல்லரிவோர் வெயில் பொறாது கடலலைமேற் பாய்கின்றனர். பரதவர் கடுங்கள்ளை உண்டு குரவையாடுகின்றனர். மகளிரோ பனங்குரும்பையின் நீர், கரும்பின் சாறு, மணல்மேட்டுத் தென்னையின் இளநீர் ஆகிய மூன்றையும் ஒருங்கே கலந்து பருகியபின் கடலாடுகின்றனர். கடலுக்கும் முந்நீர் என்பது பெயராதலால் விளையும் சொல்நயத்தை வகுப்பறைகளில் வியந்து பேசுகின்றோம். பெரும்பாலும் அத்துடன் நின்றும் விடுகின்றோம். பானத்தின் அமைப்பும் ஆராயத்தக்கதே.

கலந்தவை மூன்றும் இனியவை. புளிப்பில்லை, உவர்ப்பில்லை. இன்றைய கலவையாளர் உடனே ஒரு தேசிக்காயைத் தேடுவார். ஆனால் பாடலில் உவர்ப்பு பானத்தின் பின்னே வருகின்றது. பருகிய உதட்டிற் கடல்நீர் படுகின்றது. புலவர் இதனைக் கருதியே பாடினார் என்று நாம் வாதிடவில்லை. எனினும் அச்சுவை கிண்ணத்துள் முற்றுப்பெறாது கரையிற்போய் முற்றுப்பெறுகின்றது எனக் கொள்ளுதல் பாடலோடு முரணாது.

வொட்காவின் இயல்பு வேறு. தானியத்தையோ கிழங்கையோ நொதிக்கவைத்து, 95 வீதமளவில் மதுசாரம் கொண்டதாக வடித்து, நீர் சேர்த்து ஏறத்தாழ 40 வீதத்திற்குக் குறைப்பர். தனக்கெனச் சிறப்பான மணமோ சுவையோ அற்றது என்பதே 2020 வரை அமெரிக்கச் சட்டவிதி அதற்கு வழங்கிய வரைவிலக்கணம். இதில் நன்மையும் உண்டு. நுங்குநீரின் மணம் மிக மெல்லியது. பனஞ்சாராயத்தின் முரட்டு மணம் அதனை விழுங்கிவிடும், வொட்கா விழுங்காது. ஆகவே வொட்காவை வேண்டுவோர் கூற்றை எளிதிற் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஆயினும் வெறி பிறநாட்டிலிருந்து வர, இனிமை மட்டும் எம்முடையதாயின், விளிம்பிற் செருகிய நுங்குத் துண்டினால் அம்மது யாழ்ப்பாணத்தது ஆகிவிடுமா? மாங்குடி கிழார் பரதவரின் கள்ளையும் மகளிரின் முந்நீரையும் ஒரே கரையில் வைத்தார். ஒரே கலத்தில் வைக்கவில்லை.

கரும்பு எம் குடாநாட்டின் இயல்பான பயிரன்று. அதனிடத்தைச் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கும் கருப்பநீர் நிரப்பும். சுண்ணாம்பு தடவாவிடின் அதுவே கள்ளாகும். கள்ளை வடித்தால் சாராயமாகும். வடமராட்சியில் திக்கம் வடிசாலை எழுந்தது இதன்பொருட்டே. நுங்குநீரும் கருப்பநீரும் வெறியும் ஒரே இனத்து மரம் தருவனவாகலின், எமது முந்நீருக்கு அந்நிய அடி வேண்டியதில்லை. சாராயத்தைச் சிறிதளவாக்கி, தேசிப்புளியால் அதன் முரட்டுத்தன்மையைத் தணிக்கலாம். (அளவை வரையறுக்கும் அனுபவம் மாணவருக்கு இருத்தல் ஆகாது.)

பாடலில் இன்னொரு குறையும் புலப்படுகின்றது. நெல்லரியும் உழைப்பாளிக்கு வெயிலும் உண்டு, அலையும் உண்டு. குரும்பையை வெட்ட மரமேறியவன் எங்கே? உயர்ந்த பனையின் உச்சியிலிருந்து அது தானாக மகளிர் கைக்கு வந்திராது. காலையும் மாலையும் மரமேறும் சீவற் தொழிலாளரை நாளும் காணும் எமக்கு இம்மௌனம் உறுத்துகின்றது. யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட சாதியினரின் வாழ்வைக் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் எழுதியது 1972இலேயே. புதிய மதுவை ஆக்குவோர் அதன் பெயர்ச்சீட்டில் பனையின் படத்தை வரையும்போது, அம்மரத்தின்மேல் ஓர் ஆளையும் வரைவார்களா?