அச்சத்தின் நான்கு வாயில்கள்
‘ஹாலோவீன்’ திரைப்படம்: ஒரு திறனாய்வு

புகழ்பெற்ற ஒரு படத்தை, அது வெளிவந்து பல்லாண்டுகள் கழிந்தபின் முதன்முறையாகக் காண்போர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மூலத்தைக் காணுமுன்னரே அதன் படிகள் பலவற்றைக் கண்டிருப்பர். முகமூடி அணிந்த கொலைஞன், தனித்த வீடு, ஓங்கிய கத்தி, அலறும் இளம்பெண் ஆகிய யாவும் அவர்க்குப் பழகிப்போனவை. ஆங்கிலத்தில் ‘ஸ்லாஷர்’ எனப்படும் கத்திக்கொலைப் படங்களின் முன்மாதிரி என்று போற்றப்படும் ‘ஹாலோவீனை’ இன்று புதிதாகக் காண்பவர், ‘இதிற் புதுமை யாது?’ என்ற ஐயத்துடனேயே அமர்வர். குருதி ஆறாய் ஓடும் என்றும் எதிர்பார்ப்பர். இரண்டும் பொய்த்துப் போகின்றன. இப்படத்திற் குருதி மிகக் குறைவு, அச்சமோ மிகுதி. அஃது எங்ஙனம் விளைகின்றது என ஆராய்வது பயனுடையது.

கதையும் ஆக்கமும்

இப்படம் 1978 அக்டோபரில் வெளிவந்தது. ஜான் கார்ப்பெண்டர் இயக்கினார்; டெப்ரா ஹில்லுடன் இணைந்து கதையையும் உரையாடலையும் எழுதினார். செலவு 3 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்குச் சற்று மேல். அமெரிக்காவில் மட்டும் கிடைத்த வசூலோ ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் வெள்ளி. 2006இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பேணிக் காக்கத்தக்க படங்களின் தேசியப் பதிவேட்டில் இதனைச் சேர்த்தது.

அக்டோபர் 31, அந்நாட்டுச் சிறுவர் பேய்வேடம் புனைந்து வீடுதோறும் சென்று இனிப்புப் பெறும் நாள். 1963இல் அந்நாளிரவு, இல்லினாய் மாநிலத்து ஹாடன்ஃபீல்ட் என்னும் கற்பனைச் சிற்றூரில், மைக்கேல் மையர்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுவன் தன் தமக்கையைக் குத்திக் கொல்கிறான். பதினைந்து ஆண்டுகள் மனநோய் மருத்துவமனையில் அடைபட்டிருந்தவன், 1978இல் தப்பி ஊர் திரும்புகிறான். லாரி, ஆனி, லிண்டா என்னும் பள்ளி மாணவியர் மூவரைப் பகல் முழுதும் பின்தொடர்கிறான். இரவிற் கொல்லத் தொடங்குகிறான். அவனைத் தேடி மருத்துவர் லூமிஸ் வருகிறார். கதை இவ்வளவே.

காட்டும் முறை

எளிய இக்கதைக்கு வலிமை தருவது அதனைக் காட்டும் முறையே. முதற்காட்சியில், காண்பவர் கொலைஞனின் கண்வழியே உலகைப் பார்க்கின்றனர். வீட்டைச் சுற்றி வந்து, அடுக்களையிற் கத்தியை எடுத்து, மாடி ஏறி, முகமூடியின் இரு துளைகள் வழியே கொலையையும் காண்கின்றனர். ஒளிப்பதிவாளர் உடலிற் பூட்டிக்கொண்டு நடக்கத்தக்க கருவியாற் படமாக்கிய இக்காட்சி, இடையீடின்றி ஓடுவதுபோல் தோன்றுகிறது. வாயிலில் முகமூடி கழற்றப்படும்போது, திகைத்த முகத்துடன் நிற்பவன் ஒரு குழந்தை! ‘யார் கண்ணால் இதுவரை பார்த்தோம்?’ என்ற கூச்சம் காண்பவரைச் சுடுகின்றது.

அதன்பின் படத்தின் பாதிக்குமேல் கடந்த பிறகே அடுத்த கொலை கண்முன் நிகழ்கின்றது. இடைப்பட்ட நேரத்தை நிரப்புவது பகல் வெளிச்சம். வேலியோரத்தில், துணி உலரும் கொடிகளுக்கிடையே, வகுப்பறைச் சாளரத்திற்கு அப்பாலுள்ள தெருவில் அவ்வுருவம் நிற்கிறது, மறுநொடி இல்லை. அகன்ற திரையின் வெற்றிடங்கள் ஒவ்வொன்றையும் கண் தானே துழாவத் தொடங்குகிறது. கார்ப்பெண்டரே அமைத்த பியானோ இசை ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் ஓடுவது. நான்கெண்ணிக்கைக்குப் பழகிய செவிக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி மிகுந்தே நிற்கும்; அமைதி வாராது.

தொல்காப்பியர் வகுத்த நான்கு

அச்சம் பிறக்கும் களங்கள் நான்கெனத் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் வகுக்கின்றது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அமெரிக்க இயக்குநர் இதனை அறிந்து படம் எடுத்தார் என்பது கருத்தன்று. ஆயினும் இந்நான்கையும் உரைகல்லாகக் கொண்டால், படத்தின் உயர்வும் தாழ்வும் தெளிவாகும்.

கடையொன்று உடைக்கப்பட்டு முகமூடியும் கயிறும் கத்திகளும் களவு போகின்றன. சிறுவர் குறும்பு என்கிறார் ஊர்க்காவல் தலைவர். இங்கு அவன் கள்வன். பாழடைந்த அவன் வீட்டில், கொன்று தின்னப்பட்ட நாயொன்று கிடக்கிறது. மனிதன் செய்யும் செயலன்று என அவரே மருள்கிறார். இங்கு அவன் விலங்கு. லாரியின் பொறுப்பிலுள்ள சிறுவன் டாமியோ, தெருவில் நிற்பது பூச்சாண்டி என்று அழுகிறான், எவரும் நம்புவதில்லை. முடிவில், அது பூச்சாண்டியா என்று லாரி கேட்க, கற்றறிந்த மருத்துவரே ஆம் என்கிறார். இங்கு அவன் அணங்கு. ஊர்க்காவல் தலைவர், மருத்துவர், குழந்தை என்னும் மூவருள் முதலில் உண்மை கண்டது குழந்தையே. பெயர்ப்பட்டியலிலும் முகமூடியணிந்த கொலைஞனுக்குப் பெயரில்லை. ‘உருவம்’ என்றே குறிக்கப்படுகிறான். மலிவாக வாங்கிய முகமூடிக்கு வெண்சாயம் பூசி, முகக்குறிப்பு அனைத்தையும் அழித்ததும் இதன்பொருட்டே.

எஞ்சியது இறை. தண்டிக்கும் உரிமையுடையோரிடத்துத் தோன்றும் அச்சம் பெரிதும் பிழை செய்தார்க்கே உரியது. இப்படத்தின் மீது நெடுநாளாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு இவ்விடத்தே எழுகின்றது. காதலனுடன் கூடியவரும் கூட விரைந்தவரும் மடிகின்றனர். புத்தகமும் கையுமாய்த் திரியும் லாரி பிழைக்கிறாள். அப்படியாயின், கொலைஞனை நீதிபதியின் இருக்கையில் அமர்த்தியதாகாதா என்பது கேள்வி. இயக்குநர் இதனை மறுத்துள்ளார்.

படத்தினுள்ளேயே சான்று தேடுதல் முறை. வழியில் ஒரு தொழிலாளி அவன் உடைக்காகவே கொல்லப்படுகிறான். அவன் செய்த பிழை ஏதுமில்லை. லாரியும் குற்றமே அறியாதவள் அல்லள். தோழியுடன் காரில் கஞ்சா புகைக்கிறாள். ஓர் இளைஞன்மீது விருப்பமும் உடையவள். கொலைஞன் கண்ணில் அவள் பட்டது, தந்தை சொற்படி பாழ்வீட்டு வாயிலிற் சாவியை வைக்கச் சென்றதனாலேயே. அவள் பிழைப்பதன் காரணம் விழிப்பு. வகுப்பில் ஆசிரியை ஊழ்வினை பற்றிப் பாடம் நடத்தும்போது சாளரத்தின் வெளியே அவனைக் கண்டவள் அவள், தோழியரோ பார்ப்பதில்லை. கரோல் குளோவர் என்னும் அமெரிக்க அறிஞர் 1987இல் ‘இறுதிப் பெண்’ எனப் பெயரிட்ட பாத்திர வகைக்கு லாரி சிறந்த எடுத்துக்காட்டு. பத்தொன்பது வயதில் ஜேமி லீ கர்ட்டிஸ் இதனை மிகையின்றி நடித்துள்ளார்.

எனினும் படம் முற்றும் குற்றமற்றதன்று. இளம்பெண்களின் ஆடை நெகிழ்வையும் சாவையும் அடுத்தடுத்து வைத்துக் கண்ணுக்கு விருந்தாக்கும் இடங்கள் உள்ளன. அங்கெல்லாம் அச்சம் தளர்ந்து, வேறோர் ஆவல் தலைதூக்குகிறது. பின்வந்தோர் பலர் படத்தின் பொறுமையை விடுத்து, இக்குறையையே இலக்கணமாக்கிக் கொண்டனர்.

பிற குறைகளும் உள. தோழியர் பேச்சு சலிப்பூட்டுகிறது. வீழ்ந்த கொலைஞனின் அருகிலேயே லாரி இருமுறை கத்தியை நழுவவிடுவது நம்பத்தக்கதன்று. மருத்துவர் நெடுநேரம் ஒரே வேலியோரம் காத்து நிற்பதும் கதைக்காகவே.

அணைந்த விளக்கு

இவற்றையெல்லாம் மறக்கச் செய்வது ஒரு சிறு காட்சி. உயிர் தப்பி ஓடும் லாரி அண்டைவீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். விளக்கு எரிகிறது, உள்ளிருப்பவர் பார்க்கின்றனர், விளக்கு அணைகிறது. படத்திலேயே மிகக் கொடிய செயல் இதுதான் எனலாம். அதில் கத்தி இல்லை.

1981இல் வந்த இரண்டாம் படம், லாரி அவன் தங்கை என்று கூறிக் கொலைக்கு ஒரு காரணம் கற்பித்தது. காரணம் வந்ததும் அச்சம் சுருங்கிற்று. 2018இல் எடுத்த படம் அவ்வுறவைக் கைவிட்டது தக்கதே. முதற்படமோ காரணம் கூறாமலே முடிகின்றது. ஆறுமுறை சுடப்பட்டு மாடியிலிருந்து வீழ்ந்தவன் புல்வெளியில் இல்லை. கூடம், படிக்கட்டு, தெரு, அவன் பிறந்த வீடு என வெற்றிடங்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றுகின்றன. மூச்சொலி மட்டும் கேட்கிறது. புதிதாய்க் காண்பவர் படம் முடிந்து எழுந்து, தம் வீட்டுக் கதவின் தாழை ஒருமுறை பார்ப்பர். அண்டைவீட்டார் தட்டினால் அதைத் திறப்போமா என்றும் எண்ணுவராயின், படம் தன் பணியைச் செய்ததாகும்.