கேள்வியே ஆசிரியர்: லிஸ்ப் மொழிக்கு ஒரு வினா-விடை நூல்

வினா-விடை நூல் என்றதும் நம் நினைவுக்கு வருவது, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மாணவர் கைகளில் தவழும் கையேடுதான். வினாவையும் விடையையும் சேர்த்து மனப்பாடம் செய்தால் போதும். இடையில் சிந்தனைக்கு வேலை இல்லை. அதே வடிவத்தைக் கொண்டு சிந்திக்கக் கற்பிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் டேனியல் ஃபிரீட்மன். 1974-இல் அவர் வெளியிட்ட 'தி லிட்டில் லிஸ்ப்பர்' என்ற சிறு நூல், பின்னர் மத்தியாஸ் ஃபெலைசனும் சேர்ந்து திருத்த, 1990-களின் நடுவில் நான்காம் பதிப்பாக 'தி லிட்டில் ஸ்கீமர்' என்ற புதுப்பெயருடன் வந்தது. அந்தப் பதிப்பைப் பற்றியதே இம்மதிப்புரை.

லிஸ்ப் மொழியை ஜான் மெக்கார்த்தி 1958-இல் எம்.ஐ.டி.யில் வகுக்கத் தொடங்கினார். 1975-இல் ஸ்டீல், சஸ்மன் இருவரும் அமைத்த அதன் கிளைமொழியே ஸ்கீம். இம்மொழியில் நிரலும் பட்டியல்தான். நிரல் கையாளும் செய்தியும் பட்டியல்தான். இரண்டையும் மூன்றையும் கூட்ட (+ 2 3) என்று எழுத வேண்டும். பட்டியலின் முதல் உறுப்பைத் தருவது 'கார்'. அதை நீக்கி எஞ்சியதைத் தருவது 'குடர்'. இவை என்ன விந்தைப் பெயர்கள் என்று கேட்காத மாணவர் இல்லை. ஐ.பி.எம். 704 கணிப்பொறியின் 36 பிட் சொல்லில் இருந்த இரு பகுதிகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து பிறந்த சுருக்கங்கள் இவை. பொறி மறைந்தது, பெயர் நிலைத்துவிட்டது.

நூலின் அமைப்பு எளிது. பக்கத்தின் இடப்புறம் கேள்வி, வலப்புறம் விடை. அணு என்பது எது என்ற கேள்வியில் தொடங்கி, பத்தாம் இயலில் அந்த மொழியையே புரிந்துகொண்டு இயக்கும் ஒரு நிரலில் முடிகிறது. ஏறத்தாழ இருநூறு பக்கங்களில் இத்தனை தொலைவு அழைத்துச் செல்லும் நூல்கள் அரியவை.

இந்நூலின் உண்மையான பெருமை மூன்றாம் இயலில் விளங்குகிறது. ஒரு பட்டியலிலிருந்து குறிப்பிட்ட உறுப்பை நீக்க வேண்டும். (கத்தரி வெண்டை முருங்கை அவரை) என்பதிலிருந்து முருங்கையை நீக்குவதாகக் கொள்ளுங்கள். முதல் உறுப்பு முருங்கையா? இல்லை. அப்படியானால் எஞ்சிய பட்டியலில் தேடு. அங்கும் இல்லை, மேலும் தேடு. கிடைத்ததும் அதற்குப் பின்னுள்ளதை விடையாகக் கொடு. சரியாகத்தானே தோன்றுகிறது? ஆனால் விடையாக வருவது (அவரை) மட்டுமே! வழியில் தாண்டி வந்த கத்தரியும் வெண்டையும் தொலைந்துவிட்டன. தாண்டிய ஒவ்வோர் உறுப்பையும் விடையின் முன்னால் மீண்டும் ஒட்ட வேண்டும். அதற்குத்தான் 'கான்ஸ்' என்ற செயல். ஆசிரியர்கள் தவறான நிரலை வேண்டுமென்றே முதலில் எழுதி, அது தவறுவதைப் படிப்படியாகக் காணச் செய்து, பிறகே மருந்தைத் தருகிறார்கள். நோயை அறிந்தவனுக்கு மருந்து மறப்பதில்லை. பாடநூல் எழுதுவோர் அனைவரும் கவனிக்க வேண்டிய முறை இது.

இனி, குறைகளைப் பார்ப்போம். புதியவர் ஒருவர் இயந்திரத்தின் முன் அமர்ந்து (கார் (கத்தரி வெண்டை)) என்று தட்டுகிறார் எனக் கொள்வோம். கத்தரி என்பதை ஒரு செயலின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லையே என்று இயந்திரம் பிழை காட்டும். 'இதைச் செய்யாதே, அப்படியே வைத்துக்கொள்' என்று சொல்ல, உள்பட்டியலின் முன் ஒரு மேற்கோள் குறி இட வேண்டும். லிஸ்ப் கற்போர் முதல் நாளே முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். நிரலும் செய்தியும் ஒரே உருவம் உடையவை என்பதால் எழும் கேள்வி ஆகையால், மொழியின் உயிர்நாடியும் இதுவே. இதற்கு ஒரு தனி உரையாடலே அமைத்திருக்கலாம். நூலோ இதை அடிக்குறிப்பில் அடக்கிவிடுகிறது. அணுவா எனச் சோதிக்கும் செயலை ஸ்கீமில் நாமே வரையறுக்க வேண்டும் என்ற செய்தியும் முன்னுரையில்தான் இருக்கிறது. முன்னுரையைப் புரட்டிவிட்டு நேரே முதல் இயலுக்குப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

இது சிறு குறையன்று. அருகில் கேட்க ஆள் இல்லாமல் தனியே கற்கும் மாணவன், முதல் நாளே பிழையைக் கண்டு 'இது நமக்கு ஏறாது' என்று நூலை மூடிவிடுவான். குறை அவனுடையதன்று, அடிக்குறிப்பினுடையது.

மற்றொன்று: நிரல் தன்னைத்தானே அழைத்துக்கொண்டே போனால் நினைவகம் நிரம்பாதா? மேற்சொன்ன நீக்கலில், தாண்டிய ஒவ்வோர் உறுப்புக்கும் ஒட்டும் வேலை ஒன்று பாக்கி நிற்கிறது. பத்தாயிரம் உறுப்புகளைத் தாண்டினால் பத்தாயிரம் பாக்கிகள். அழைப்பே கடைசி வேலையாக அமைந்தால் பாக்கி சேராது; ஸ்கீம் இதற்கு உறுதி தருகிறது. நியாயமான இக்கேள்விக்கு நூலில் விளக்கம் இல்லை.

ஆங்கிலத்துக்கு அஞ்சுவோர் தயங்க வேண்டாம். வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் எளியவை. ஒன்பதாம் இயல் மட்டும் செங்குத்தான ஏற்றம், இளைப்பாறி ஏறுங்கள். படிக்கும்போது வலப்புற விடைகளை ஒரு தாளால் மூடிக்கொள்ளுங்கள். உங்கள் விடையை எழுதிய பின்பே தாளை நகர்த்துங்கள். தாளை மூடாமல் படித்தால் இதுவும் மற்றொரு தேர்வுக் கையேடு. மூடிப் படித்தால் நல்லாசிரியர் ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதற்கு ஒப்பு. மேற்கோள் குறியை மட்டும் மறவாதீர்கள்.