கும்பலும் தலைமையும்: ஒரு மறுநோக்கு

கூட்ட நடத்தையைப் பற்றி எழுதிய மேனாட்டறிஞருள் குஸ்தாவ் லெ பொன் குறிப்பிடத்தக்கவர். கூட்டத்திற் சேர்ந்த மனிதன் பகுத்தறிவை இழந்து, தலைவனின் சொல்லுக்கு மயங்கி இயங்குகிறான் என்று 1895 இல் வெளிவந்த தமது நூலில் அவர் வாதித்தார். பிற்காலத்தில் ஜோர்ஜ் ரூடே முதலிய வரலாற்றாசிரியர்கள் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கூட்டங்களை ஆராய்ந்து, அவற்றிற் கலந்துகொண்டோர் பெரும்பாலும் கைவினைஞரும் சிறுகடைக்காரருமே என்றும், அவர்களுக்குத் தெளிவான கோரிக்கைகள் இருந்தன என்றும் நிறுவினர். எனினும், இலங்கைக் கலவரங்கள் பற்றிய பேச்சு லெ பொன் காட்டிய தடத்தை விட்டு இன்னும் விலகவில்லை. ‘கும்பல் வெறி’ என்ற தொடரே போதிய விளக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அத்தொடர் எதனை விளக்குகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1953 ஆகஸ்ட் 12 ஆந் திகதி நிகழ்ந்த ஹர்த்தாலை முதலில் நோக்கலாம். கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமையே அதன் உடனடிக் காரணம். இடதுசாரிக் கட்சிகள் ஒருநாள் எதிர்ப்புக்கே அழைப்பு விடுத்தன. மக்களோ பல இடங்களில் அவ்வெல்லையைக் கடந்து சென்றனர். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். கூட்டம் தலைமையை மீறியபோதும் தன் இலக்கை மறந்துவிடவில்லை. அயலவனின் இனத்தையோ மொழியையோ அது பகையாகக் கொள்ளவில்லை.

முப்பது ஆண்டுகளின் பின்னர் நிகழ்ந்ததோ வேறு. கொழும்பின் கிழக்கெல்லையில் ஒன்றையொன்று அடுத்துள்ள பொரளை, வெலிக்கடை, கொலன்னாவை என்னும் மூன்று இடங்களும் இப்பொருளில் மூன்று பாடங்களை உணர்த்துகின்றன.

1983 யூலை 23 இரவு திருநெல்வேலியிற் கொல்லப்பட்ட பதின்மூன்று படையினரின் உடல்களை எதிர்பார்த்து, மறுநாள் பொரளைக் கனத்தை மயானத்திற் பெருங்கூட்டம் காத்திருந்தது. உடல்கள் வரத் தாமதித்தன, கூட்டம் கொதித்தது, அன்றிரவே தமிழர் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கின. ஊரடங்குச் சட்டமோ 25 ஆந் திகதி பிற்பகலிலேதான் அறிவிக்கப்பட்டது. அதற்கிடையில், வாக்காளர் இடாப்புகளைக் கையில் ஏந்திய குழுக்கள் வெள்ளவத்தை முதலான பகுதிகளில் வீடு வீடாகத் தமிழரைத் தேடிச் சென்றன. பகுத்தறிவிழந்த கும்பல் இடாப்பைப் பார்த்து இலக்கம் சரிபார்ப்பதில்லை. தலைமை என்பது மேடையிற் பேசும் பேச்சு மட்டுமன்று. எரியத் தொடங்கிய கணத்துக்கும் அணைக்க முற்பட்ட கணத்துக்கும் இடையிலுள்ள மௌனமும் தலைமையின் செயலே.

வெலிக்கடை இதனினும் கொடிய சான்றாகும். யூலை 25 இல் 35 பேரும், 27 இல் 18 பேரும் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் நிகழ்ந்த கொலைகளை விளக்கக் கும்பல் உளவியல் போதாது. திறப்புகள் யார் கையில் இருந்தன என்ற வினாவே அங்கு முதன்மை பெறுகின்றது. 28 ஆந் திகதி நாட்டுக்கு உரையாற்றிய ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா, பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் அனுதாப வார்த்தையேனும் கூறவில்லை.

மூன்றாம் பாடம் கொலன்னாவைக்குரியது. அங்குள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டை அகற்றுமாறு மக்கள் பல ஆண்டுகள் ஆர்ப்பாட்டம் செய்தும் பயன் விளையவில்லை. 2017 ஏப்ரல் 14 இல் அம்மேடு சரிந்து 32 பேர் மாண்டனர். ஒரு வாரமளவில் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது: குப்பை அகற்றலுக்கு இடையூறு செய்தல் குற்றமாக்கப்பட்டது. காலமும் அரசாங்கமும் வேறாயினும் ஒப்புமை தெளிவானது. அரசு விரும்பும்போது விரைந்து செயற்பட வல்லது. நியாயங் கேட்டு நின்ற கூட்டத்தின் மீதே அவ்விரைவு பாய்ந்தது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. யாவும் மேலிருந்து திட்டமிடப்பட்டவையே என்று கூறி அமைவதும் குறையுடைய முடிபாகும். அது தீ மூட்டியவனைக் கருவியாக்கி, அவனது பொறுப்பைத் துடைத்துவிடுகின்றது. அதே தெருக்களில், தம் உயிரையும் பொருட்படுத்தாது தமிழரை வீட்டினுள் மறைத்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்கள் செவியிலும் அதே வதந்திகள் விழுந்தன. எனினும் அவர்கள் வேறு வழியைத் தேர்ந்தனர்.

ஆகவே, ‘கும்பல் வெறி’ என்பது விளக்கமன்று; விசாரணையைத் தொடக்கத்திலேயே முடித்துவைக்கும் தீர்ப்பு. தூண்டியவர், தடுக்கக்கூடியவராயிருந்தும் தாமதித்தவர், கல்லெடுத்தவர், கதவு திறந்து காத்தவர் என நால்வரையும் வேறுபடுத்திக் காணாத ஆய்வு, அடுத்த கலவரத்துக்கும் அதே தொடரையே விளக்கமாக எழுதிவைக்கும்.