தாழை: நமக்குப் பூ, நிக்கோபாரியருக்குச் சோறு

ஓர் இனத்தாரின் பண்பாட்டை அறிய அவர்கள் உணவைச் சுவைத்தால் போதும் என்று பலரும் எழுதுகிறார்கள். நம் தீவுகளைப் பற்றிய கட்டுரைகளிலும் இதே போக்குத்தான். தேங்காய்ப்பால் மீன் குழம்பு, சுட்ட இறால், இளநீர் என்று அடுக்கிவிட்டால் 'அந்தமான் சாப்பாடு' முடிந்தது! சுவைக்குக் குறைவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை நம்மைப் போலக் குடியேறியவர்கள் கொண்டுவந்த சமையல். இம்மண்ணின் தொல்குடிகள் அந்தப் பட்டியலில் எங்கே? நம் பொங்கலை ஒருவர் ருசி பார்த்து, 'இனிப்புச் சோறு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் நாம் ஒப்புக்கொள்வோமா?

நிக்கோபாரியரை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய பழைய முதன்மை உணவுகளுள் ஒன்று தாழம்பழம். நம் ஊர்த் தாழையின் உறவுதான்; பேரினம் ஒன்று, சிற்றினம் வேறு. நாம் கொண்டாடும் தாழம்பூ ஆண்மரத்தில் பூப்பது. அவர்கள் உண்ணும் பழம் பெண்மரத்தில் காய்ப்பது. பெரிய பழத்தைச் சுளைகளாகப் பிரித்து, பானையில் மூடி வேகவைத்து, சதையைச் சுரண்டி, நாரை நீக்கினால் பிசைந்த மாவு போல ஒன்று கிடைக்கும். அதுவே அவர்களுக்குச் சோறு.

இதை ஒரு வாய் சாப்பிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? தெரியாது. அந்த மரம் யாருடையது என்று கேட்டால்தான் விஷயம் புரியும். கார் நிக்கோபாரில் நிலமும் தென்னையும் பன்றியும் 'துஹெத்' எனும் கூட்டுக் குடும்பத்துக்கு உரியவை. ஆக, உணவுக்குப் பின்னால் ஓர் உறவுமுறையே இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தோப்புகளும் பன்றிகளும் ஏராளமாக அழிந்தன. முகாம்களில் நிவாரண அரிசி வந்தது. அரிசி அவர்களுக்குப் புதிதல்ல; தேங்காய் வியாபாரத்தின் வழியே முன்பே வந்ததுதான். ஆனால் தேங்காய் கொடுத்து விரும்பி வாங்கியது வேறு. தோப்பிழந்து கைநீட்டி வாங்கியது வேறு. இந்த வேறுபாட்டை எந்தச் சமையல் குறிப்பும் சொல்வதில்லை.

1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழங்குடிப் பகுதிகளுக்கு அனுமதியின்றி நாம் போக முடியாது. அது அவர்களைக் காக்கும் சட்டம்; குறை சொல்வதற்கில்லை. எனவே கேட்டறிவதே நல்ல வழி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய நம்மவர் சிலர் 1970-களில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். நிக்கோபாரியரின் அண்டை வீட்டாராக வாழ்ந்த அவர்களும் அவர்தம் பிள்ளைகளும் தாங்கள் கண்டதை எழுத வேண்டும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் நம் பிள்ளைகளுக்கு நிக்கோபாரித் தோழர்கள் உண்டு. "எப்படி இருக்கும்?" என்று ருசியை மட்டும் கேட்காமல், "யார் மரம்? யார் சமைப்பாங்க? யாருக்கெல்லாம் பங்கு?" என்று கேட்க அவர்களைப் பழக்குவோம். நாக்கு அறிவது சுவையை. பண்பாட்டை அறியக் காதும் வேண்டும்.