ரோஸ்டர் எழுதுகிறவரின் நாவல்

விமானியைப் பற்றிய கதை என்று எதை எடுத்தாலும் அதில் ஒரு ஜன்னல் வந்துவிடும். ஜன்னலில் ஒரு பெண் நின்று வானத்தைப் பார்ப்பாள். அவன் மேலே, அவள் கீழே. கதை முடிவதற்குள் அவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வானமா, வீடா?

திருப்பூர் மாதிரி ஊரில் இந்தக் கேள்வி இன்னும் நேரடியாக வரும். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை “பைலட் ஆகணும்” என்று சொன்னால் முதலில் பணக்கணக்கு. கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தக் காசுக்கு நாலு மெஷின் வாங்கிப் போட்டுப் பொழச்சுக்கலாமே என்பார் மாமா. அடுத்து குடும்பக்கணக்கு. பெண்ணாக இருந்தால், “கல்யாணத்துக்கு அப்புறம் எப்படிங்க?” பையனாக இருந்தால், “மாசத்துல பாதி நாள் வீட்ல இல்லாதவனுக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க?”

நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கிற ஆளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். காலையில் எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர் அவர். ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் விடிய விடிய அங்கேயேதான். ஒரு தடவைகூடத் தரையை விட்டு எழும்பாமலே மாசத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாதவர்.

ஆக, பிள்ளை எட்டப் போய்விடுமே என்ற பயத்துக்கு வானம் மட்டும் காரணமில்லை. வானத்தையும் வீட்டையும் இரண்டு தட்டுகளில் வைத்துக் காட்டும் கதைகள், தராசைப் பிடித்திருக்கும் கையைக் காட்டாமல் விட்டுவிடுகின்றன. அந்தக் கையைக் காட்டிய நாவல் ஒன்று உண்டு. எழுதியவர் நமக்கெல்லாம் தெரிந்த ஆள்.

*

‘குட்டி இளவரசன்’ வழியாகத்தான் தமிழில் பலருக்கும் அந்த்வான் து செந்த்-எக்சுபெரியைத் தெரியும். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, 1931-இல் அவர் எழுதிய சின்ன நாவல் ‘நைட் ஃப்ளைட்’. ஒரே ராத்திரியில் நடக்கும் கதை. படகோனியா, சிலி, பராகுவே என மூன்று பக்கமிருந்தும் தபால் விமானங்கள் புவனோஸ் ஐரிஸுக்கு வர வேண்டும். அவை கொண்டுவரும் தபாலை ஏற்றிக்கொண்டு நடுராத்திரிக்கு மேல் ஐரோப்பிய விமானம் கிளம்ப வேண்டும். படகோனியாவிலிருந்து வரும் ஃபாபியன் புயலில் மாட்டிக்கொள்கிறான். கல்யாணமாகி ஆறே வாரம். எரிபொருள் தீர்ந்துகொண்டே வருகிறது.

இதை விமானியின் நாவல் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவலில் அதிக நேரம் நாம் உட்கார்ந்திருப்பது விமானத்தில் இல்லை, ஆபீஸில். ரிவியேர் என்கிற இயக்குநரின் மேசைக்கு எதிரில். எந்த விமானம் எப்போது கிளம்பும், யார் ஓட்டுவார்கள், தாமதமானால் யாருக்கு என்ன பிடித்தம் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் அவர். பனிமூட்டத்தால் தாமதமானாலும் விமானிக்கு போனஸ் கிடையாது. இருபது வருடம் உழைத்த கிழ மெக்கானிக்கை ஒரு தப்புக்காக வெளியே அனுப்புகிறார். மேற்பார்வையாளர் ரொபினோ தனிமை தாங்காமல் ஒரு விமானியோடு சிநேகமாகச் சாப்பிடப் போனால், அந்த விமானிக்கே தண்டனைத் தாள் எழுத வைக்கிறார்.

வில்லனா? இல்லை, அதுதான் நாவலின் பலம். ரிவியேருக்கு ஒரு வாதம் இருக்கிறது. விமானம் பகலில் ரயிலையும் கப்பலையும் முந்துகிறது. ராத்திரி நின்றுவிட்டால் முந்தியது அத்தனையும் போச்சு. அதனால் ராத்திரியும் பறந்தே ஆகணும். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக ஒரு சீசன் வேலை பார்த்த யாருக்கும் இந்த வாதம் உடனே புரியும். துணி டையிங்கில் நாலு நாள் மாட்டிக்கொண்டால், அந்த நாலு நாளைக் கட்டிங்கும் தையலும் செக்கிங்கும் பேக்கிங்கும் சேர்ந்து ராத்திரிகளில் மீட்டுக் கொடுக்க வேண்டும். தூத்துக்குடியில் கப்பலை விட்டால் சரக்கை விமானத்தில் அனுப்பணும். அந்தச் செலவு கம்பெனி தலையில். நம் ஊர் துணியை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் பறக்கிற விமானி யாரோ ஒருவரின் வீட்டிலும் அன்றைக்கு ஒருத்தர் குறைவு. ஒரு தாமதத்தின் விலையை இரண்டு குடும்பங்கள் கட்டுகின்றன.

நாவலின் உச்சம் புயலில் இல்லை என்பேன். ஃபாபியனின் மனைவி விமானநிலையத்துக்கு போன் பண்ணுகிறாள். பதில் சரியாக இல்லை. கிளம்பி ஆபீஸுக்கே வந்துவிடுகிறாள். எழுத்தர்கள் தலை நிமிராமல் வேலை பார்க்கிறார்கள். தன் இளமையும் தன் காதலுமே இடம் மாறி வந்துவிட்ட பொருள்கள் போல அந்த அறையில் அவளுக்குப் படுகிறது. ரிவியேர் அவளை அலட்சியப்படுத்துவதில்லை. சாயங்கால விளக்கு, சாப்பாட்டு மேசை, பக்கத்தில் ஒரு உடம்பு என்று அவள் பக்கம் இருக்கும் உலகமும் தன் உலகத்தைப் போலவே உண்மையானது, அதுவும் தன் உரிமையைக் கேட்டுத்தான் வந்திருக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரிகிறது. தெரிந்தும் ஐரோப்பிய விமானத்தை நேரத்துக்கு அனுப்பிவிடுகிறார். கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாலம், அதில் நசுங்கிப்போன ஒரு தொழிலாளியின் முகத்துக்கு ஈடாகுமா என்று அவரிடம் முன்பு யாரோ கேட்ட கேள்வி நாவலுக்குள் அலைந்துகொண்டே இருக்கிறது. பதில் கிடைப்பதில்லை.

முன்னுரை எழுதிய ஆந்த்ரே ழீத் இதைக் கடமையின் மகத்துவம் என்று வாசித்தார். கடமையை ஏற்பதில்தான் மனிதனுக்கு மகிழ்ச்சி என்கிற ரீதியில். எனக்கு அது பாதி வாசிப்பு. நாவலில் ஃபாபியன் எதையும் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அன்றைக்கு அவன் முறை, அவ்வளவுதான். ‘வானமா வீடா’ என்று அவனிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி ரிவியேரின் மேசையில் ஏற்கனவே தீர்ந்துவிட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் மேசை மேல் போட்டுவிடவும் செந்த்-எக்சுபெரி விடமாட்டார். ஐரோப்பிய விமானத்தை ஓட்ட வேண்டியவனை அவன் மனைவி எழுப்பும் அத்தியாயம் ஒன்று உண்டு. எழுந்ததுமே அவன் கிளம்பியாகிவிட்டான். உடம்பு மட்டும்தான் இன்னும் வீட்டில் இருக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள். ரோஸ்டர் கூப்பிட்டதால் மட்டும் அவன் போகவில்லை. போகப் பிடித்திருக்கிறது. இந்த நேர்மை இல்லையென்றால் நாவல் வெறும் தொழிற்சங்க மனுவாக நின்றிருக்கும்.

*

நாவல் சொல்லாமல் விட்டதை இன்னொருவர் சொன்னார். அவரும் அதே வீட்டு ஆள்.

1930-இல் புவனோஸ் ஐரிஸில் செந்த்-எக்சுபெரி சந்தித்த பெண் கொன்சுவேலோ. எல் சால்வடோர்க்காரர். 1931-இல், நாவல் வந்த அதே வருடம், கல்யாணம். 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து வேவு பார்க்கக் கிளம்பிய செந்த்-எக்சுபெரி திரும்பவில்லை. கொன்சுவேலோ தன் நினைவுகளை எழுதி வைத்தார், 1979-இல் இறந்தார். புத்தகம் 2000-இல்தான் வெளிவந்தது. ‘ஒரு ரோஜாவின் நினைவுகள்’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

குட்டி இளவரசனின் ரோஜா ஞாபகமிருக்கிறதா? கண்ணாடிக் கூண்டுக்குள் இருமிக்கொண்டு, நாலு முள்ளைக் காட்டிப் பெருமையடிக்கிற ரோஜா. அந்த ரோஜா வாய் திறந்து பேசினால் எப்படியிருக்கும் என்பதுதான் இந்தப் புத்தகம். முதல் சந்திப்பிலேயே விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், முத்தம் தராவிட்டால் விமானத்தைக் கீழே விட்டுவிடுவேன் என்று மிரட்டும் மனிதர் இதில் வருகிறார். நம் சினிமாவில் இது காதல் காட்சி. கொன்சுவேலோ அதை எழுதும்போது கூடவே பயமும் இருக்கிறது. பிறகு விபத்துச் செய்திகள், வேறு பெண்கள், ஒரே ஊரில் தனித்தனி வீடுகள். அவர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பணும் என்று இல்லை. நினைவுக்குறிப்பு எழுதுகிற யாரும் தன் பக்கத்தைத்தான் எழுதுவார்கள். ஆனால் ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து எழுதப்பட்டதாலேயே இது முக்கியம். ‘நைட் ஃப்ளைட்’டில் ஃபாபியனின் மனைவிக்குக் கிடைப்பது சில பக்கங்கள். இங்கே அவளுக்கு ஒரு முழுப் புத்தகம். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கணக்கு நேராகிறது.

*

இப்போது தமிழுக்கு வருவோம். நம்மிடம் விமானி நாயகனாக வந்த இரண்டு முக்கியமான படங்கள் இருக்கின்றன.

மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ (2017) ஜன்னல் கதையை உடைக்கப் பார்த்த படம். போர் விமானி வி.சி., மருத்துவர் லீலா. லீலாவுக்கும் வேலை இருக்கிறது, கோபம் இருக்கிறது. கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டிய நாளை அவன் மறந்துபோகிறான். அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும், அப்பாவாக இருக்கத் தனக்குத் தகுதி இல்லை என்கிறான். ராவல்பிண்டி சிறையில் கிடந்து இதையெல்லாம் யோசித்துப் பார்க்கிறான். படம் வந்தபோது அவனை ‘டாக்சிக்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். தப்பில்லை. ஆனால் படமும் அங்கேயேதான் நின்றுவிடுகிறது. எல்லாம் அவன் குணம். குணம் மாறினால் குடும்பம் கிடைக்கும். விமானப்படை என்ற நிறுவனம் அவனை என்னவாக ஆக்கியது என்ற கேள்வி பனிமலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. படத்தில் ரிவியேர் இல்லை.

சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’ (2020) இந்த விஷயத்தில் புத்திசாலி. சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க விமானத்தில் போகக் காசு பத்தாமல், விமானநிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் மாறன் கையேந்தும் காட்சியில், குடும்பத்தைப் பிரிப்பது விமானம் இல்லை, டிக்கெட் விலை. அதுவரை தமிழில் வராத கோணம் இது. பொம்மியையும் ஜன்னலில் நிற்க வைக்கவில்லை. பேக்கரி நடத்துகிறாள், அவள் வருமானத்தில் வீடு ஓடுகிறது. எனக்கு இருக்கும் குறை வேறு. மாறன் கடைசியில் ஒரு விமானக் கம்பெனியின் முதலாளி. அதாவது, ரோஸ்டர் எழுதுகிறவன். ஒரு ரூபாய்க்கு டிக்கெட் என்றால் அந்த விமானத்தை ஓட்டுகிறவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்? படம் கைதட்டலோடு முடிந்துவிடுவதால் இதைக் கேட்க நேரமில்லை.

இரண்டிலும் விமானம் ஓட்டுகிறவன் ஆண்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிஜத்தில் விமானிகளில் பெண்களின் பங்கு உலகிலேயே அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரமும் அவர் கணவர் கேப்டன் வி. சுந்தரமும் 1951-இல் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்து சாதனை படைத்தார்கள். குடும்பமே காக்பிட்டில்! 1959-இல் சென்னையில் ப்ளூ கிராஸைத் தொடங்கியதும் இந்தக் குடும்பம்தான். ஜன்னல் இல்லாத ஒரு விமானக் கதை நம் பக்கத்திலேயே கிடக்கிறது, யாராவது எழுத வேண்டும்.

*

திருப்பூரைப் பற்றிய முக்கியமான நாவல் ஒன்றின் பெயர் ‘மணல் கடிகை’. எம். கோபாலகிருஷ்ணன் எழுதி 2004-இல் வந்தது. பனியன் தொழிலோடு சேர்ந்து வளரும், தேயும் ஐந்து நண்பர்களின் கதை. பணத்தால் ஆன ஊரைப் பற்றி எழுதிவிட்டு, நேரத்தை அளக்கும் கருவியின் பெயரை வைத்தார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த ஊர் வாங்குவதும் விற்பதும் நேரத்தைத்தான். சம்பளம் சனிக்கிழமை கைக்கு வந்துவிடும். போன வாரத்துச் சாயங்காலங்கள் வராது. பல்லடம் பக்கம் போனால் தலைக்கு மேல் சூலூர் விமானப்படைத் தளத்து தேஜஸ் இரைச்சலோடு கடந்துபோகும். அதை ஓட்டுகிறவருக்கும், கீழே ஓவர்லாக்கில் குனிந்திருக்கும் ஒடிசா பையனுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். வீட்டிலிருந்து பிடுங்கப்பட்ட நேரம் என்ற கணக்கில் இரண்டு பேரும் சொந்தக்காரர்கள்.

சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் டிஜிசிஏ விமானிகளின் பணிநேர விதிகளை மாற்றியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. ராத்திரியில் தரையிறங்குவதற்கான எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2025-இல் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், விதிகளில் தற்காலிகத் தளர்வு கொடுக்கப்பட்டதும் நாம் பார்த்ததுதான். பயணிகள் கொதித்தார்கள், கல்யாணத்துக்குப் போக முடியாதவர்கள், சாவுக்குப் போக முடியாதவர்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் விமானியும் ரெண்டு நாள் வீட்டில் தூங்கட்டும் என்று சொல்ல வந்த ஒரு விதி, கொஞ்ச நாளுக்குள் எல்லோருக்கும் தொந்தரவாகத் தெரிய ஆரம்பித்தது. ரிவியேர் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

‘நைட் ஃப்ளைட்’டை இன்றைக்குப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். பறப்பதன் அழகுக்காகவும் படிக்கலாம். மேகத்துக்கு மேலே ஏறிய ஃபாபியன் நிலவொளியில் மாட்டிக்கொள்ளும் பக்கங்களுக்கு இணையாக அதிகம் கிடையாது. ஆனால் அந்த நாவல் கற்றுத்தரும் முதல் விஷயம் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பது. வேலையா குடும்பமா என்று ஒரு கதை கேட்டால், முதலில் ஆபீஸ் ரூம் எங்கே என்று தேடுங்கள். அதைக் காட்டாத கதை, ஒரு மனுஷனையோ மனுஷியையோ தனியாக நிறுத்திவைத்து, அவர் போடாத கணக்குக்கு அவரிடம் விடை கேட்கிறது.

அப்புறம் அந்தப் பிள்ளை விஷயம். பைலட் ஆகட்டும், ஆகாமல் போகட்டும், அது அவர் பாடு. ஆனால் “குடும்பம் என்னாகும்?” என்று கேட்கிற மாமா, அதே கேள்வியைத் தன் கம்பெனி மேனேஜரிடமும் ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு.